உட்கார்ந்துவிட்ட பையன்

போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். பெயர் நித்யா. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக நாவல் எழுதுகிறாராம். அடிதடியிலேயே வளர்ந்த ஒரு பையன் கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்து விலகி ஆளாகிற கதை. என்னிடம் வேலை பழகிய அலுவலர் ஒருவர், "எங்க மேடத்தைப் பாருங்க, அவங்ககிட்ட இல்லாத பசங்க கதையா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஓய்வு பெற்றவர்களை இப்படித்தான் மாட்டிவிடுகிறார்கள்.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் ஏதாவது குற்றத்தில் சிக்கி இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் வந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளையின் வீடு எப்படி, அன்றைக்கு என்ன நடந்தது, வீட்டோடு விடலாமா, அரசின் சிறப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டுமா என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொடுப்பது என் வேலை. வீட்டோடு விட்டால் அடிக்கடி போய்ப் பார்த்து வருவதும் என் வேலைதான்.

நித்யா காபியைக்கூடத் தொடாமல் கேட்டார்: "மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க தெரியணும். இந்த மாதிரிப் பசங்க எந்த எடத்துல மாறுறாங்க?"

அவருடைய நாவலில் பையன் அடிபட்ட புறா ஒன்றை எடுத்து வளர்க்கிறானாம். அங்கே மாறுகிறானாம். என் வேலைக்காலத்தில் புறா வளர்த்து மாறிய பையன் யாரும் கிடையாது. புறாவுக்காக ஒருவன் மண்டையை இன்னொருவன் உடைத்ததுண்டு. அதை அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கவினின் கதையைச் சொன்னேன். கவின் என்பது நான் வைத்த பெயர்; இதில் வரும் மற்றப் பிள்ளைகளின் பெயரும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்லச் சட்டம் இடம் தராது. புதிதாக வேலைக்கு வந்த எல்லோருக்கும் பல வருடங்களாக நான் சொல்லிவந்த கதை அது. நித்யா முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் ஏன் உக்காந்தான்னு நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுற்றலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது சமூகப்பணி. வேலைக்குச் சேர்ந்ததும் சென்னையில் ஒரு வகுப்பறையில் உட்காரவைத்துச் சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். மின்விசிறி ஓடாத அந்த அறையைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. வேலை பழகியது கோவைக்கு வந்த பிறகு, எனக்கு மேலதிகாரியாக இருந்த தேவராஜ் சாரிடம்.

தேவராஜ் சார் லேசுப்பட்ட ஆள் இல்லை. தன் ஸ்கூட்டரில் யாரையும் ஏற்ற மாட்டார். இரண்டு பேரும் ஒரே ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் அவர் ஸ்கூட்டரில் போவார், நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். கத்தியோடு பிடிபட்ட பையனைக்கூட "ஏனுங்க தம்பி, சாப்ட்டீங்களா" என்றுதான் கேட்பார். அந்த மரியாதைக்குள் அன்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரையும் கிட்டே சேர்க்காமல் இருக்க அது அவருக்கு வசதியாக இருந்தது என்றே நினைக்கிறேன். என்னை "அம்மணி" என்பார். திட்டும்போதும் அம்மணிதான்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. "காரணம் கேக்காதீங்க அம்மணி. ஏன்டா அடிச்சேன்னு கேட்டா, நமக்குப் புடிச்ச காரணமாப் பாத்துச் சொல்லுவாங்க. அன்னைக்கு நாள் எப்படிப் போச்சுன்னு கேளுங்க" என்பார். எழுந்தது, பல் விளக்கியது, என்ன சாப்பிட்டான், எந்த பஸ்ஸில் போனான், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லவைக்க வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் பையன் எதையோ சொல்லாமல் தாண்டிக் குதிப்பான். அங்கே நிறுத்தக் கூடாது. முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொல்ல வேண்டும். அதே இடத்தில் மறுபடியும் குதித்தால், பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை வேறு ஆட்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒரு பையன், கூட வேலை செய்தவனைக் கத்தியால் கிழித்துவிட்டான். விடிந்ததிலிருந்து எல்லாம் ஒழுங்காகச் சொன்னான். குளித்ததை மட்டும் விட்டுவிட்டான். மண்டிக் குழாயடியில் அவன் குளிக்கும்போது உடுப்பை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் அவன் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டான். அந்த முறை மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அறிக்கை எழுதுவதிலும் சார் விட மாட்டார். "முரட்டுச் சுபாவம் உள்ளவன்" என்று எழுதினால் சிவப்பு மையால் அடிப்பார். "அவன் என்ன செஞ்சான்னு எழுதுங்க. அவன் எப்படிப்பட்டவன்னு எழுதறதுக்கு நாம யாருங்க?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அடித்த வார்த்தையை மறுபடி எழுதத் தோன்றாது.

கவினுடைய வழக்கு வந்தபோது வெள்ளகோவில் பக்கத்து வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். கவின் பதினோராம் வகுப்பு. தோட்டம், தறிக்குடோன் என்று வசதியான குடும்பம். ஏற்கெனவே பள்ளியில் ஒருவன் பல்லை உடைத்தவன். இந்த முறை கூடப் படித்த ஆரோன் என்கிற பையனை, பஸ் ஸ்டாப்பில் வைத்து, தண்ணீர் நிரம்பிய ஸ்டீல் பாட்டிலால் முகத்தில் அடித்திருந்தான். ஆரோனுக்கு இடது கண் போய்விட்டது. கோவையில் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. அவன் அப்பா இறந்துவிட்டார். அம்மா கவின் வீட்டுச் சொந்தக்காரர்களின் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு நூல் சுற்றும் வேலைக்கு மாறியவர்.

கவினிடம் நாளை வரிசையாகக் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குதித்தான். கூடப் படித்தவர்களிடம் விசாரித்ததில் தெரிந்தது: சாப்பாட்டு நேரத்தில் கவினுடைய பைக் மேல் ஆரோன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறான். கவினின் பங்காளிப் பையன் பிரபு அதைக் காட்டி, "அவன் யாரு, நீ யாரு? உன்ற வண்டி மேல உக்காந்திருக்கறான், நீ வேடிக்கை பாத்துட்டு நிக்கற" என்று ஆரம்பித்து, மாலைவரை ஓதியிருக்கிறான்.

வீட்டுக்குப் போனேன். கவினின் தாய்மாமன்தான் பேசினார். "எங்க குடும்பத்துல எல்லாத்துக்குமே கோவம் கொஞ்சம் சாஸ்திங்க மேடம்" என்றார், ஏதோ பட்டம் வாங்கியதைச் சொல்வதுபோல. ஒரு பிள்ளையின் கண் போயிருக்கிறது, இவர் சிரிக்கிறார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மருமகனுக்குப் புது செல்போன் வாங்கிக்கொடுத்திருந்தார். கவினின் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார்.

"அந்த ஊட்டுல இருந்தா இந்தப் பையன் நிக்க மாட்டானுங்க அம்மணி. இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதுங்க" என்றார் சார். நான் மாட்டேன் என்றேன். இல்லத்துக்குப் போய்த் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன், அங்கே போய்ப் பெரிய ரவுடியானவர்களையும் பார்த்திருக்கிறேன். இவன் இரண்டாவது வகை என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் குழுமத்தின் நடுவர் அவனை என் மேற்பார்வையில் வீட்டோடு விட்டார். ஒரே நிபந்தனை: இன்னொரு முறை யார் மேலாவது கை ஓங்கினால் சிறப்பு இல்லம்தான்.

மாதாமாதம் போய்ப் பார்த்தேன். கேட்டதற்குப் பதில் சொல்வான், அதற்கு மேல் ஒன்றும் வராது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே மாமன் ஆரோனின் அம்மாவிடம் ராசி பேச, சமாதானமாக முடித்துக்கொள்ள, ஆள் அனுப்பியிருந்தார். வைத்தியத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பையனைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லச் சொல் என்று. அந்த அம்மா முடியாது என்றுவிட்டார். கூலிக்கு வந்தவள் முடியாது என்றதை இவர்களால் ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு வெள்ளகோவில் பஸ் ஸ்டேண்டில் பிரபுவும் அவன் கூட்டாளிகளும் ஆரோனைச் சூழ்ந்துகொண்டார்கள். கவினும் அவர்களோடு இருந்தான். விசில் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து பார்த்தபோது கவின் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கவின் கை ஓங்கினானா இல்லையா என்பதுதான் கேள்வி. விசாரித்து எழுதும்படி குழுமம் என்னிடம் சொன்னது. பூக்கடை, பேக்கரி, பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிறவர் என்று எல்லோரிடமும் கேட்டேன். "நானு அந்தப் பக்கம் திரும்பவே இல்லீங்க" என்பதுதான் எல்லோருடைய பதிலும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பஸ் ஸ்டேண்டை நான் அன்றுதான் பார்த்தேன். மாமன் அதற்கும் மேல் போய், "அவன் அன்னைக்கு ஊட்டுல காச்சல்ல படுத்திருந்தானுங்க" என்றார். போலீஸ்காரர் கையைப் பிடித்து எழுப்பிய பையனைப் பற்றி!

கவினிடம் நாளைக் கேட்டேன். காலையிலிருந்து பைக்கில் ஏறியதுவரை சொன்னான். "அப்பறம் போலீஸ்காரர் கையைப் புடிச்சாருங்க" என்று குதித்தான். மறுபடி சொல்லச் சொன்னேன். அதே இடத்தில் குதித்தான். எழுந்து ஆரோன் வீட்டுக்குப் போனேன்.

ஆரோன் நல்ல கண்ணை என் பக்கம் கொண்டுவருவதற்காகத் தலையைத் திருப்பிவைத்துக்கொண்டு பேசினான். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் அம்மா ஓரமாக உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவன் அடிக்கலீங்க மேடம். உக்காந்துட்டானுங்க" என்றான் ஆரோன்.

ஆபீசுக்கு வந்து சாரிடம் சொன்னேன். அவர் பன்னை டீயில் தோய்த்துக்கொண்டே கேட்டார். "உக்காந்தான்னா எப்படிங்க அம்மணி? தள்ளுனாங்களா, சறுக்கிப்போட்டானா, தானா உக்காந்தானா? மூணும் ஒண்ணு இல்லீங்களே."

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்காக மறுபடியும் பல்லடம், காங்கேயம் என்று பஸ் மாறிப் போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்கூட்டர் ஆபீஸ் வாசலில் நிழலில் நின்றுகொண்டிருந்தது.

"தானாத்தாங்க" என்றான் ஆரோன். "அடிடா அடிடான்னு எல்லாரும் கத்துனாங்க. அவன் அப்படியே தரையில உக்காந்துட்டான்." அவன் அம்மா கை வேலையை நிறுத்திவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணைப் பறிகொடுத்தவனே சொல்லும்போது அதற்கு மேல் என்ன கேட்பது?

சார் நான் எழுதியதைப் படித்தார். சிவப்பு மை பேனாவைத் திறந்தார், மூடினார். "நீங்க கேட்டதை எழுதியிருக்கறீங்க. நானு நம்பறனான்னு எழுத இதுல எடம் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாளில் நடுவர் அதை வாய்விட்டுப் படித்தார். சூழ்ந்திருந்தவர்கள் அடிக்கச் சொல்லித் தூண்டியபோதும் கையை ஓங்காமல் தானாகவே தரையில் அமர்ந்துவிட்டார் என்ற வரி வந்தபோது கவின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நடுவர் அவனை வீட்டோடேயே இருக்க விட்டார். வெளியே வராந்தாவில், "யாருங்க மேடம் அப்படிச் சொன்னது?" என்று கேட்டான். நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தில், "ஆரோன்தான் கண்ணு" என்றேன். அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவே இல்லை. மாமன் வந்து அதட்டித்தான் கூட்டிப்போனார்.

அதற்குப் பிறகு கவின் யாரையும் அடிக்கவில்லை. பங்காளிகள் அவனைக் கேலி செய்து ஓட்டினார்கள். தொடை நடுங்கி என்றார்கள். வாய்க்கால் மேட்டில் வைத்து ஒரு தடவை நன்றாக உதைத்தும் அனுப்பினார்கள். முகம் வீங்கி வந்தவன் யார் பெயரையும் சொல்லவில்லை, திருப்பி அடிக்கவும் போகவில்லை. மாமன் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். என் மேற்பார்வை முடிகிற மாதத்தில்தான் கவினின் அம்மா முதன்முதலாக என்னிடம் பேசினார். "இப்ப எவனும் இவனை மதிக்கறதில்லீங்க மேடம். எனக்கு இதுவே போதுமுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதைத்தான் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் உட்கார்ந்தான் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கொடுத்தேன். ஒரு வருடம் அம்மாவின் மௌனம். ஒரு வருடம் ஆரோனின் முகத்தை நேரில் பார்த்த அதிர்ச்சி. உற்சாகமாக இருந்த வருடங்களில் என்னுடைய மாதாந்திர வருகை. நித்யாவிடம் இவற்றில் எதைச் சொன்னாலும் அவருடைய புறாவைவிடப் பெரிதாக இருக்காது என்று பட்டது. காரணம் கேட்காதே என்று பழக்கப்பட்டவள், இத்தனை வருடம் கழித்து, காரணம் கேட்பதற்காகச் சிங்காநல்லூரில் வெள்ளகோவில் பஸ் ஏறினேன்.

கவின் இப்போது அப்பாவின் தறிக்குடோனைப் பார்த்துக்கொள்கிறான். மனைவி, ஒரு பெண் குழந்தை. தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது என்று வாசலில் நின்ற டெம்போவின் நிழலுக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டான். இளநீர் வெட்டிக்கொடுத்தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கண்ணு, அன்னைக்கு பஸ் ஸ்டேண்டுல நீ ஏன் உக்காந்தே?"

அவன் சிரித்தான். "நான் எங்கீங்க மேடம் உக்காந்தேன்? உழுந்துட்டனுங்க."

எனக்கு விளங்கவில்லை.

"அடிக்கத்தானுங்க போனேன். கையும் ஓங்கிப்போட்டேன். பின்னால இருந்து பிரபு, போட்றான்னு கத்திட்டு நெட்டித் தள்ளுனான். கால் பெரண்டு கீழ உழுந்தேன். கணுக்கால் சுளுக்கி எந்திரிக்க முடியல. இல்லீன்னா நானும் அவிங்களோடயே ஓடியிருப்பனுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கை ஓங்குனதும் தெரிஞ்சுபோயிருமுங்களே. பயமுங்க. அப்பறம் கோர்ட்டுல நீங்க எழுதுனதைப் படிச்சாங்க. வேற எவனையோ பத்திப் படிக்கற மாதிரி இருந்துச்சு. நல்ல பையனாட்டத் தெரிஞ்சான். அதைச் சொன்னது ஆரோன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. தள்ளினார்களா, சறுக்கினானா, தானாக உட்கார்ந்தானா என்று கேட்கவைத்தவர் இப்போது உயிரோடு இல்லை. இத்தனை வருடம் நான் சொல்லிவந்த கதையில், எல்லாவற்றுக்கும் ஆதாரமான அந்த ஒரு காரியம் நடக்கவே இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் வந்ததெல்லாம் நடந்திருக்கிறது. இந்தப் பையன் மாறியது பொய்யில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்தது பொய்யில்லை. அப்படியென்றால் எது எதை மாற்றியது? நான் எழுதிய தப்பா?

"அப்ப ஆரோன் எதுக்கு அப்படிச் சொன்னான்?" என்றேன்.

"அதாங்க மேடம் எனக்கும் தெரியல." கவின் இளநீர் மட்டையைக் காலால் ஓரம் தள்ளினான். "நான் உழுந்தது அவனுக்கு எடப் பக்கமுங்க. அந்தப் பக்கம் அவனுக்குக் கண்ணு தெரியாது. நெசமாவே உக்காந்த மாதிரிதான் தெரிஞ்சுதோ என்னமோ. இல்லீன்னா, எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் மாத்திச் சொன்னானோ."

"நீ கேக்கவே இல்லையா?"

"அவன் இப்பக் கோயமுத்தூர்ல வேலைல இருக்கறானுங்க. கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருவான். வழியில பாத்தாத் தலையாட்டுவான். நானும் ஆட்டுவேன். அவ்வளவுதானுங்க."

"கோயமுத்தூர்தானே? நான் போய்க் கேக்கட்டுமா?"

"வேண்டாமுங்க மேடம்." அவசரமாகச் சொன்னான். உள்ளேயிருந்து குழந்தை தத்தித் தத்தி வந்து அவன் கைலியைப் பிடித்துக்கொண்டது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"தெரிஞ்சே மாத்திச் சொல்லியிருந்தா, என்னைக் காப்பாத்துனவன் அவனுங்க. கண்ணு தெரியாமச் சொல்லியிருந்தா, அந்தக் கண்ணைக் கெடுத்தவன் நானுங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும், நான் எப்படீங்க மேடம் இனி ஒருத்தரு மேல கைய ஓங்கறது?"